விட்டுவிட்டு மிஸ் அடிக்கும் பழைய கார்: பாகத்தை மாற்றுவதா, பழுதைத் தேடுவதா, யாரிடம் கொடுப்பது?

சிங்கப்பூரில் பத்தாண்டு முடிந்து சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்று) புதுப்பித்த கார் வைத்திருப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. காலையில் நன்றாக ஓடுகிறது, மதிய வெயிலில் சிக்னலில் நிற்கும்போது குலுங்குகிறது. அல்லது மழை பெய்தால் மட்டும் இழுவை இல்லை. அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியைத் திருப்பி அணைத்ததுபோல நின்றுவிட்டு, அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் கார் சமர்த்தாக இருக்கிறது. ஸ்பார்க் பிளக், அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிடலாமா? எஞ்சின் கம்ப்யூட்டரின் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் வாங்கி நாமே பார்க்கலாமா? வழக்கமான மெக்கானிக்கிடமே விடலாமா, ஆட்டோ எலெக்ட்ரிஷியனைத் தேடலாமா, கடற்பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவில் செய்துகொள்ளலாமா?

ஐந்து வழிக்கும் இடம் உண்டு. எந்தக் காருக்கு எந்த வழி என்பதைப் பழுதின் குணமே பெரும்பாலும் முடிவுசெய்கிறது. விலையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒரு சிலிண்டரா, மொத்த எஞ்சினா? இதுதான் முதல் பிரிவினை. நான்கில் ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் போனால் (இதுதான் மிஸ்) எஞ்சின் தாளம் தப்பி ஆடும், இழுவை குறையும், ஆனால் ஓடும். அப்போது சந்தேகம் பிளக், காயில், காயிலிலிருந்து பிளக்குக்கு உயர் மின்னழுத்தத்தைக் கொண்டுபோகும் ஹெச்டி வயர், காயிலுக்குப் போகும் கனெக்டர் ஆகியவற்றின் மேல். நான்கும் ஒரே நொடியில் செத்தால் நான்கு பிளக்கும் சேர்ந்து கெட்டிருக்க வாய்ப்பில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவானதைப் பார்க்க வேண்டும்: இக்னிஷன் ஸ்விட்ச், ரிலே, எர்த், எஞ்சின் சுழல்வதை உணர்ந்து சொல்லும் கிராங்க் சென்சார். டிஸ்ட்ரிபியூட்டர் (ஒற்றைக் காயிலின் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் பாகம்) உள்ள கார் என்றால் அதற்குள் சுழலும் ரோட்டார், காயிலை இயக்கும் மின்னணு ஸ்விட்சான இக்னைட்டர், ஒற்றைக் காயில் ஆகியவையும் சேரும்.

பழுதை வரவழைக்க முடிகிறதா? வெயில், மழை, ஏற்றம், ஏசி, இவற்றில் எது சேர்ந்தால் வருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வரவழைக்க முடியாத பழுதைச் சரிசெய்துவிட்டதாக யாராலும் நிரூபிக்க முடியாது. அதனால் யாருக்குப் பணம் கொடுத்தாலும் அது சூதாட்டம்தான்.

தவறான ஊகத்தின் விலை. பிளக் தவறாகப் போனால் பெரிய நட்டமில்லை, எப்படியும் ஒருநாள் மாற்ற வேண்டியதுதான். முழு டிஸ்ட்ரிபியூட்டரோ எஞ்சின் கம்ப்யூட்டரோ தவறாகப் போனால் வலிக்கும்.

நின்றால் எங்கே நிற்கும்? குலுங்கும் கார் வீடுவரை வந்துவிடும். திடீரென்று அணையும் கார், அவசரத்துக்கு ஒதுங்க ஓரத்தடம் இல்லாத சுரங்கச்சாலையில் நிற்கலாம். எஞ்சின் நின்றபின் பிரேக் பூஸ்டரில் ஓரிரு அழுத்தத்துக்கான வெற்றிடமே மீதி இருக்கும், ஸ்டியரிங்கும் கனமாகிவிடும். இந்த வகைக்குப் பொறுமை காட்ட இடமில்லை.

சிஓஇ எவ்வளவு மீதி? ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த காருக்கு மறுபடி புதுப்பிப்பு கிடையாது. எட்டு மாதம் மீதியுள்ள காருக்கும் எட்டு வருடம் மீதியுள்ள காருக்கும் ஒரே செலவுத் திட்டம் பொருந்தாது.

## ஒரு பார்வையில்

| வழி | எந்த அறிகுறிக்கு நல்லது | கண்ணில் படாத செலவு |
|---|---|---|
| நாமே தேடுவது | ஒரு சிலிண்டர் மிஸ், மழைக்கால மிஸ் | உடையும் கனெக்டர், நேரம் |
| மொத்தமாக மாற்றுவது | ஆயுள் முடிந்த பிளக், வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி (கேப்) | தடயம் அழிவது, போலிப் பாகம் |
| வழக்கமான பட்டறை | அடிக்கடி வரும் பழுது, எண்ணெய்க் கசிவோடு வருவது | ‘ஒன்றுமில்லை’ என்று திரும்பும் நாட்கள் |
| ஸ்கோப் (மின் அலையைப் படமாகக் காட்டும் கருவி) வைத்திருக்கும் எலெக்ட்ரிஷியன் | மொத்த எஞ்சினும் அணைவது | வராத பழுதுக்குக் காத்திருக்கும் கூலி |
| ஜொகூர் பாரு | காரணம் தெரிந்துவிட்ட வேலை | பழுது திரும்பினால் மறுபயணம் |

## நாமே தேடுவது

கருவிகளுக்கு ஆகும் பணம் குறைவு. புளூடூத் ஓபிடி ஸ்கேனர், மல்டிமீட்டர், ஸ்பார்க் டெஸ்டர், தண்ணீர் தெளிக்கும் புட்டி, இவ்வளவு போதும். நான்கும் சேர்த்தே பல கார்களின் ஒரு அசல் காயில் விலையைத் தாண்டாது. ஒரு எச்சரிக்கை: 2000-ஐ ஒட்டிய ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக் கார்கள் இங்கே இறக்குமதியாகி நிறைய ஓடின. அவற்றில் ஸ்கேனரை மாட்டும் 16 முனைச் சாக்கெட் இருக்கும், ஆனால் பொதுவான ஸ்கேனரோடு பேசாது. வாங்குவதற்கு முன் ஒருவரிடம் இரவல் வாங்கிப் பாருங்கள்.

வேலை செய்யும் இடமும் ஒரு சிக்கல். வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) கார் நிறுத்துமிடம் பட்டறை இல்லை, அங்கே பழுதுபார்ப்பு வேலைக்கு அனுமதி கிடையாது. பானெட்டைத் திறந்து பார்ப்பது, ஸ்கேனரில் படிப்பது என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கழற்றுகிற வேலையைத் தரைவீடு உள்ள உறவினர் வீட்டிலோ தெரிந்த பட்டறையின் ஓரத்திலோ வைத்துக்கொள்ளலாம்.

குறியீட்டை அழிக்காதீர்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் முதலில் குறியீட்டையும், அதோடு சேமிக்கப்பட்டிருக்கும் உறைநிலைத் தகவலையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழுது நடந்த நொடியில் எஞ்சின் சுழற்சி எவ்வளவு, தண்ணீர்ச் சூடு எவ்வளவு, சுமை எவ்வளவு என்று அதில் இருக்கும். விட்டுவிட்டு வரும் பழுதுக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. பி0301 முதல் பி0304 வரை என்றால் அந்தந்த சிலிண்டர். பி0300 என்றால் மாறி மாறி வருகிறது, காற்றுக் கசிவு, பெட்ரோல் அழுத்தம் போன்றவையும் சந்தேகத்துக்குள் வரும். பி0335 கிராங்க் சென்சார் பக்கம் காட்டும். பி0351 முதல் தொடங்கும் வரிசை காயிலின் மின்சுற்றைக் குறிக்கும். காயில்தான் கெட்டது என்று அதற்கு அர்த்தமில்லை, வயரும் கனெக்டரும் அதே குறியீட்டைத்தான் தரும்.

இடமாற்றச் சோதனை. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள கார்களுக்கு இதை மிஞ்சிய சோதனை இல்லை, செலவும் இல்லை. பி0301 வந்திருந்தால், எஞ்சின் ஆறியபின் 1-ஆம் காயிலையும் 3-ஆம் காயிலையும் இடம் மாற்றுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். பழுது மறுபடி வரும்வரை ஓட்டுங்கள். குறியீடு பி0303 ஆக மாறினால் காயில்தான். பி0301-லேயே நின்றால் அடுத்து 1-ஆம் பிளக்கை 2-க்கு மாற்றுங்கள். அப்போதும் நகராவிட்டால் இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் அல்லது அந்தச் சிலிண்டருக்குப் போகும் வயர். காயிலையும் பிளக்கையும் ஒரே நாளில் சேர்த்து மாற்றிப்போட்டால் விடை குழம்பிவிடும். ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

காரைப் பொறுத்து இதன் கணக்கு மாறும். மிட்சுபிஷி லான்சரின் 1.6 லிட்டர் 4ஜி18 எஞ்சினில் இரண்டே காயில், ஒவ்வொன்றும் இரண்டு சிலிண்டருக்கு ஸ்பார்க் தரும். ஜோடியாக இரண்டு சிலிண்டர் மிஸ் ஆனால் காயில், ஒன்று மட்டும் மிஸ் ஆனால் வயர் அல்லது பிளக். பழைய ஹோண்டா ஜாஸ், ஃபிட் 1.3 ஐ-டிஎஸ்ஐ எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஆகமொத்தம் எட்டு பிளக், எட்டு காயில். ஒன்று செத்தாலும் மற்றொன்று தாங்கிப்பிடிப்பதால் குலுக்கல் லேசாகத்தான் தெரியும், பெட்ரோல் மட்டும் கூடுதலாகக் குடிக்கும். பின்வரிசை நான்கை எட்டிப் பிடிப்பதும் சிரமம். அந்தக் காருக்கு நாமே தேடும் வழியின் கவர்ச்சி பாதியாகக் குறைகிறது.

காயிலைத் தூக்கும்போது மூன்று இடத்தைக் கண்ணால் பாருங்கள். பிளக் குழிக்குள் எண்ணெய் நின்றால் வால்வ் கவர் பக்கத்து சீல் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் புதுக் காயில் போட்டால் அதன் ரப்பரும் ஊறிக் கெடும். பிளக்கின் வெள்ளைப் பீங்கான்மேல் பென்சில் கோடுபோலக் கறுப்புத் தடம் இருந்தால் மின்சாரம் உள்ளே போகாமல் வெளியே வழிந்திருக்கிறது. அந்தத் தடம் காயிலின் ரப்பர் உறையிலும் பதிந்திருக்கும் என்பதால் பிளக்கை மட்டும் மாற்றினால் திரும்ப வரும். மூன்றாவது கனெக்டர். பத்து வருட எஞ்சின் சூட்டில் அதன் பிளாஸ்டிக் நாக்கு அப்பளம்போல நொறுங்கும். நாக்கு உடைந்த கனெக்டர் குலுக்கலில் தளர்ந்து, இதுவரை இல்லாத புதிய பழுதைப் பெற்றுத்தரும். நாமே தேடும் வழியின் பெரிய மறைசெலவு இதுதான்.

பிளக்கைக் கழற்றுவதும் மாட்டுவதும் எஞ்சின் ஆறியபின் மட்டுமே, அலுமினிய மரை போய்விட்டால் சிலிண்டர் ஹெட் வேலை. கையால் முழுக்கத் திருகிவிட்டு, வாஷர் உள்ள புதுப் பிளக்கை அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்றுவரை இறுக்கினால் போதும். இடைவெளி பல ஜப்பான் கார்களுக்கு 1.1 மி.மீ. அருகில் வரும், கையேட்டைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். இரிடியம் முனையை நெம்பாதீர்கள்.

மழைச் சோதனை. ஹெச்டி வயரும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள கார்களுக்கு. இருட்டிய நேரத்தில், திறந்த வெளியில், எஞ்சினை ஐடிலில் விட்டு வயர், கேப் மீது தண்ணீரைப் பனிபோலத் தெளியுங்கள். நீலப் பொறி குதிக்கும் இடமும் எஞ்சின் தடுமாறும் நேரமும் ஒத்துப்போனால் குற்றவாளி அங்கேதான். கை வைக்கவே கூடாது, அங்கே ஓடுவது பல்லாயிரம் வோல்ட். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் பக்கத்திலேயே வர வேண்டாம். வயரின் தடையையும் மல்டிமீட்டரில் அளக்கலாம்: பல டொயோட்டா கையேடுகள் ஒரு வயருக்கு 25 கிலோஓமை உச்சவரம்பாக வைக்கின்றன. அளக்கும்போது வயரை வளைத்துப் பாருங்கள், வளைக்கையில் எண் தாவினால் உள்ளே அறுந்திருக்கிறது.

மல்டிமீட்டரை அதிகம் நம்பாதீர்கள். காயிலின் தடையை ஆறிய நிலையில் அளந்து சரியாக இருக்கிறது என்று விட்டுவிடுவது பரவலான தவறு. காயில் கெடுவது சூட்டில், அதுவும் சுமையில். மேலும் இக்னைட்டர் உள்ளேயே அடங்கிய காயில்களில் முதன்மைச் சுற்றை ஓம் மீட்டரால் அளக்கவே முடியாது. பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்து ஸ்பார்க் வருகிறதா என்று பார்ப்பதும் அரைகுறைச் சோதனைதான். வெளிக்காற்றில் எளிதாகத் தாவும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும்போது தாவ மறுக்கும். ஏற்றத்தில் மட்டும் மிஸ் ஆவதற்குக் காரணமே அதுதான்: ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க உள்ளே அழுத்தம் கூடும், தேவைப்படும் வோல்ட்டும் கூடும், பலவீனமான இன்சுலேஷன் வழியே அது தப்பித்துக்கொள்ளும். ஹெச்டி வயரைக் கழற்றி அந்தரத்தில் விட்டு எஞ்சினைச் சுற்றவும் வேண்டாம், இக்னைட்டர் போய்விடும்.

மல்டிமீட்டர் பிரமாதமாகப் பயன்படும் இடம் ஒன்று உண்டு: வோல்ட் இழப்பு. எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் நேர்முனைக்கும் காயிலுக்கு மின்சாரம் வரும் வயருக்கும் நடுவே அளங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் இக்னிஷன் ஸ்விட்ச், ரிலே, ஃபியூஸ் பெட்டி வழியில் எங்கோ தேய்மானம். எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மீட்டரைக் கட்டிவிட்டுச் சாவியையும் வயர்க் கட்டையும் லேசாக ஆட்டுங்கள். எண் துள்ளினால் பிடித்துவிட்டீர்கள்.

பழுதை வரவழைக்க சிங்கப்பூரில் நல்ல இடம் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவுப்பாதை. குறைந்த வேகம், ஏசி ஓடுகிறது, எஞ்சின் சூடு ஏறியிருக்கிறது, சுமை அதிகம்: மேல்தளம்வரை ஏறி இறங்கினால் பலவீனமான காயில் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். கொஞ்சம் நீளமான ஏற்றம் வேண்டுமானால் மவுண்ட் ஃபேபர். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து ஸ்கேனரைப் பார்க்கச் சொல்லுங்கள், ஓட்டுபவர் பார்க்க வேண்டாம்.

## பாகங்களை மொத்தமாக மாற்றுவது

மெக்கானிக்குகள் பலர் முதலில் சொல்வது இதைத்தான். எப்போதும் அது ஏமாற்று வேலையும் இல்லை. பிளக் எப்போது மாற்றியது என்றே தெரியாத கார் என்றால் மாற்றிவிடுங்கள். நிக்கல் முனைப் பிளக்குக்கு ஏறத்தாழ 20,000 கி.மீ., இரிடியத்துக்கு 1 லட்சம் கி.மீ. என்பதைப் பொதுவான எல்லையாக வைத்துக்கொள்ளலாம். பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றால் காயில் ஒவ்வொரு முறையும் கூடுதல் வோல்ட் தர வேண்டியிருக்கும், அப்படியே காயிலும் சாகும். டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டார், ஹெச்டி வயர் மூன்றையும் ஒரு செட்டாகவே பார்க்க வேண்டும். இவை தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை, தேடிக்கொண்டிருப்பதைவிட மாற்றுவதே மலிவு.

காயில்களை நான்கும் சேர்த்து மாற்றும் யோசனைதான் சிக்கலானது. பாகம் மாற்றும்போது கனெக்டர் கழன்று மாட்டப்படுகிறது, அதிலுள்ள துரு உரசிப் போகிறது, வயர் நகர்கிறது. உண்மையான பழுது கனெக்டரில் இருந்தால் அது தற்காலிகமாக மறைந்துவிடும். ‘காயில் மாற்றினேன், சரியாகிவிட்டது’ என்று இரண்டு வாரம் சந்தோஷம். திரும்ப வரும்போது காயில் புதிது என்பதால் அதன்மேல் சந்தேகமே வராமல் வேறு பாகங்களின் மேல் பணம் இறங்கும். விட்டுவிட்டு வரும் பழுதில் கடைசியாக மாற்றிய பாகத்துக்குத்தான் எப்போதும் நல்ல பெயர் கிடைக்கும்.

இன்னொரு கண்ணி விலை. சந்தையில் போலிப் பிளக்கும் பிராண்ட் பெயர் ஒட்டிய மட்டமான காயிலும் உண்டு, குறிப்பாக இணையக் கடைகளில். அசல் விலையில் பாதிக்கும் கீழே கிடைத்தால் ஏன் என்று கேளுங்கள். ஹாஃப் கட் கடைகளில் (பழைய கார்களை வெட்டிப் பாகமாக விற்பவை) கிடைக்கும் பழைய டிஸ்ட்ரிபியூட்டர் மலிவு, புதிதே கிடைக்காத மாடல்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் அதற்குள் இருக்கும் இக்னைட்டரும் உங்கள் காருடையது அளவுக்கே வயதானது. சூட்டில் செத்த பாகத்துக்கு மாற்றாகச் சூட்டிலேயே பழுத்த இன்னொன்று வருகிறது என்ற தெளிவோடு வாங்குங்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்று முடிவெடுத்தால் வரிசை இதுவாக இருக்கட்டும்: பிளக், வயர் அல்லது காயிலின் ரப்பர் உறை, பிறகு சோதனையில் சிக்கிய ஒரு காயில். ஒன்று செத்து, மற்றவையும் 1.5 லட்சம் கி.மீ. தாண்டிய அசல் காயில்களாக இருந்து, சிஓஇ ஐந்து வருடத்துக்கு மேல் மீதி இருந்தால் நான்கையும் மாற்றுவதில் தவறில்லை. நல்ல பழைய காயிலைத் தூக்கிப்போடாமல் காரின் பின்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இடமாற்றச் சோதனைக்கு அதுவே கருவி.

## வழக்கமான பட்டறை

காரின் சரித்திரம் தெரிந்தவர், வால்வ் கவர் சீல் போன்ற பக்கத்து வேலையையும் சேர்த்து முடித்துவிடுவார், அவசரத்துக்குப் போனை எடுப்பார். தினமும் வரும் பழுதுக்கு இது போதும். வாரம் ஒருமுறை வரும் பழுதுக்குத்தான் இந்த வழி தடுமாறுகிறது. அவர் ஓட்டிப் பார்க்கும் பத்து நிமிடத்தில் கார் மிஸ் ஆகாது, ஸ்கேனரில் குறியீடு இருக்காது, ‘இப்போதைக்கு ஓட்டுங்கள்’ என்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நாம் கொடுக்கும் தகவலால் இந்த வழியை நிறைய மேம்படுத்தலாம். ‘சில நேரம் குலுங்குது அண்ணே’ என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ‘அரை மணி ஓட்டியபின், ஏசி போட்டு, சரிவுப்பாதை ஏறும்போது, சுழற்சி 1,500 அருகே’ என்று தாளில் எழுதிக் கொடுங்கள். குறியீட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். காலைக் குளிரில் வரும் பழுது என்றால் முந்தைய இரவே காரை விட்டுவிடுங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். கண்டுபிடிக்கும் கூலி தனி, பாகம் தனி என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தேடுவதற்குக் கூலி கொடுக்க நாம் மறுத்தால், அவர் அதைப் பாகத்தின் விலையில்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

## ஸ்கோப் வைத்திருக்கும் ஆட்டோ எலெக்ட்ரிஷியன்

மொத்த எஞ்சினும் திடீரென்று அணைகிற கார்களுக்கு நேராக இங்கே போவதே என் சிபாரிசு. இந்த வகையில் ஊகத்துக்கு மாற்றக்கூடிய பாகங்கள் அதிகம், ஒவ்வொன்றும் விலை கூடியது, குறியீடும் பெரும்பாலும் விழாது.

ஆசிலோஸ்கோப் காட்டுவது மல்டிமீட்டர் ஒருபோதும் காட்டாதது. கிராங்க் சென்சாரின் அலை சூடு ஏற ஏறச் சிறுத்துக்கொண்டே போவது, நடுவில் ஒரு பல் காணாமல் போவது, காயிலில் மின்னோட்டம் ஏறும் சரிவு கோணலாவது, பொறி எரியும் நேரம் சுமார் 1 முதல் 2 மில்லி விநாடி இருக்க வேண்டிய இடத்தில் பாதியாவது, எல்லாம் படமாகத் தெரியும். பதிவை ஓடவிட்டு, சந்தேகப் பாகத்துக்கு வெப்பக்காற்றும் குளிர் ஸ்ப்ரேயும் மாற்றி மாற்றிக் கொடுத்தால், ரோட்டில் ஒரு மாதம் காத்திருக்க வேண்டிய பழுது ஒரு மதியத்தில் வந்துவிடும்.

சின் மிங், காக்கி புக்கிட், உபி வட்டாரங்களில் பட்டறைகள் நெருக்கமாக இருந்தாலும் ‘எலெக்ட்ரிஷியன்’ என்ற பலகை மாட்டிய எல்லோரிடமும் ஸ்கோப் இருக்காது. ஏர்கான், ஆல்டர்னேட்டர், ஆடியோ மட்டும் செய்பவர்களும் உண்டு. போகுமுன் போனில் இரண்டு கேள்வி: ஸ்கோப் வைத்துப் பார்ப்பீர்களா? பழுது வராமல் போனால் கட்டணம் எப்படி? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் தருபவரிடம் போங்கள்.

அவரிடம் போகும்வரை நீங்கள் சேகரிக்கக்கூடிய தடயங்கள் சில. கார் அணைந்த நொடியில், கியரில் இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே சுழற்சி முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்ததா? அப்படியென்றால் கிராங்க் சென்சார் அல்லது இக்னிஷன் மின்சாரம். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுத் திணறி நின்றதா? பெட்ரோல் பக்கம். டேஷ்போர்டு விளக்குகளும் சேர்ந்து அணைந்தனவா? பேட்டரி முனை அல்லது இக்னிஷன் ஸ்விட்ச்; பெரிய சாவிக்கொத்து வருடக்கணக்காகத் தொங்கும் கார்களில் ஸ்விட்சை முதலில் சந்தேகிக்கலாம். இவை குறிப்புகள்தான், தீர்ப்பு ஸ்கோப்பிடம்.

இக்னிஷன்போல வேஷம் போடும் ஒன்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1990-களின் ஹோண்டாக்களில் மெயின் ரிலே காருக்குள், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். திறந்தவெளி நிறுத்துமிடத்தில் உச்சி வெயிலில் நின்றபின் உள்ளே கொதிக்கும், ரிலேயின் ஈயப் பற்றில் மயிரிழை விரிசல் திறக்கும், பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் போகாது, கார் ஸ்டார்ட் ஆகாது. ஜன்னலைத் திறந்து ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் பின்னால் இரண்டு விநாடி பம்ப் ‘ங்’ என்று ஓடுகிறதா என்று கேளுங்கள். ஓடாவிட்டால் காயில் வாங்க ஓடாதீர்கள். பற்று மறுபடி வைப்பது சின்ன வேலை.

## ஜொகூர் பாரு

கூலி மலிவு என்பது உண்மை. டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்து பேரிங், எண்ணெய் சீல் போடுவது, வால்வ் கவர் சீல், வயர்க் கட்டை மறுபடி சுற்றுவது போன்ற கைவேலை அதிகமுள்ள, காரணம் ஏற்கெனவே தெரிந்த வேலைக்கு நல்ல தேர்வு. காரணம் தெரியாத பழுதோடு போகாதீர்கள். கடற்பால நெரிசலில் வெயிலில் ஊர்ந்து போவதைப்போல சூட்டுப் பழுதை வரவழைக்கும் இடம் வேறில்லை, அங்கே நின்றால் அவதி. சிங்கப்பூரை விட்டு வெளியேறும் காருக்கான முக்கால் டேங்க் பெட்ரோல் விதி, மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி, அங்கே இழுவை வண்டிக்கு உங்கள் காப்புறுதி கொடுக்குமா என்பது, ஒரு நாள் விடுப்பு, எல்லாவற்றையும் கூலியோடு கூட்டுங்கள். பழுது மூன்றாம் வாரம் திரும்பினால் இதே கணக்கை மறுபடி போட வேண்டும்.

## சிஓஇ கணக்கு

பத்து வருடம் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை, சாலை வரியில் 10 விழுக்காட்டில் தொடங்கி 14 வருடத்துக்குப் பின் 50 விழுக்காடுவரை கூடுதல். மிஸ் ஆகும் எஞ்சின் எரியாத பெட்ரோலைப் புகையில் விடுவதால் பரிசோதனையிலும் தோற்கலாம். ஒரு வருடத்துக்குள் முடியும் சிஓஇ என்றால் பிளக்கும் ஒரு காயிலும் என்ற எல்லையைத் தாண்டாதீர்கள். அதற்குள் அடங்காவிட்டால் முன்கூட்டியே பதிவை ரத்து செய்து, மீதிக் காலத்துக்கான சிஓஇ தள்ளுபடியை வாங்கிக்கொள்வதையும் அதே மேசையில் வைத்து ஒப்பிடுங்கள்.

## எந்த நிலைக்கு எது

எச்சரிக்கை விளக்கு நிலையாக எரிகிறது, எப்போதாவது குலுக்கல், ஒரே சிலிண்டர்: இடமாற்றச் சோதனை, பிறகு அந்த ஒரு பாகம். பட்டறைக்கே போக வேண்டியதில்லை.

விளக்கு மினுக்குகிறது: வேகத்தைக் குறைத்து, கூடிய சீக்கிரம் நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும், அதன் விலைக்கு முன்னால் நான்கு காயிலும் ஒன்றுமில்லை. வழக்கமான பட்டறைக்கு இழுவை வண்டியில் அனுப்புங்கள்.

மழையில் மட்டும் வருகிறது, வயர் உள்ள கார்: தண்ணீர் தெளித்துப் பாருங்கள். பொறி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வயரின் வயது தெரியாதென்றால் செட்டாக மாற்றிவிடலாம்.

சூட்டில் அணைந்து, ஆறியபின் ஓடுகிறது: ஸ்கோப் உள்ளவரிடம், இந்த வாரமே. அதுவரை சுரங்கச்சாலைகளைத் தவிருங்கள். விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் அவசர விளக்கைப் போட்டு, தடுப்புக்கு அப்பால் பாதுகாப்பாக நில்லுங்கள், பானெட்டைத் திறந்து ஆராய்ச்சி வேண்டாம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம்வரை கட்டணமின்றி இழுத்துவிடும். அங்கே போய்ச் சேர்ந்ததும், கார் இன்னும் ஸ்டார்ட் ஆகாமலே இருந்தால், அந்தச் சில நிமிடத்தை வீணாக்காதீர்கள்: ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஸ்கேனரில் எஞ்சின் சுழற்சி பூஜ்யமாகவே நிற்கிறதா, ஸ்பார்க் டெஸ்டரில் பொறி வருகிறதா, பம்ப் சத்தம் கேட்கிறதா என்று மூன்றையும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். எலெக்ட்ரிஷியன் முதலில் கேட்கப்போவது இந்த மூன்றையும்தான்.